மலாகா கடற்கரை ஊர்களுக்குக் குடிவருகிறவர்களுக்கு

ஸ்பெயினில் மலாகாவுக்குக் கிழக்கே, தொரோக்ஸ், நெர்ஹா என்று கடலை ஒட்டிய ஊர்களுக்கு வருகிறவர்கள் முதலில் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதன்பின் தானாகச் சரியாகும். இங்கே மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல்தான், இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். பன்னிரண்டரைக்குப் பசியோடு போய் நின்றால் பல கடைகளில் சமையலே தொடங்கியிருக்காது. 2 முதல் 5 வரை சிறு கடைகள் பூட்டியிருக்கும். அந்த வேளையில் வீட்டில் ஆணி அடிக்காதீர்கள், பக்கத்து வீட்டார் ஓய்வில் இருப்பார்கள்.

காலையில் சுட்ட ரொட்டி, அதன்மேல் துருவிய தக்காளி, ஆலிவ் எண்ணெய். காபிக்கு மலாகாவில் பால் அளவைச் சொல்லித்தான் கேட்பார்கள்: பாதிக்குப் பாதி என்றால் 'மிதாத்', பால் கூடுதலாக வேண்டுமானால் 'சோம்ப்ரா', பெயருக்குக் கொஞ்சம் காபி போதும் என்றால் 'நூபே'. டிகாஷன் தூக்கலா, குறைவா என்று சொல்லிப் பழகிய நமக்கு இது ஒரே நாளில் பிடிபடும். வேலை நாட்களில் மதியம் 'மெனு தெல் தியா' கேளுங்கள். இரண்டு பதார்த்தங்கள், ரொட்டி, இனிப்பு அல்லது காபி, எல்லாம் ஒரே விலையில். பெரும்பாலும் குடிக்க ஏதாவதும் அதில் அடக்கம்.

மீன்தான் இந்தக் கரையின் பெருமை. மே முதல் ஆகஸ்ட் வரை மத்தி கொழுத்திருக்கும். கடற்கரைக் குடில்களில் மணல் நிரப்பிய பழைய படகில் விறகுத் தீ மூட்டி, மத்தியை மூங்கில் போன்ற நாணல் குச்சியில் கோத்து, கல்லுப்பு மட்டும் போட்டுச் சுடுவார்கள். 'எஸ்பேத்தோ' என்று கேளுங்கள். கையால்தான் சாப்பிட வேண்டும். மசாலா இல்லையே என்ற எண்ணம் முதல் மீனிலேயே போய்விடும். நெத்திலியை மாவில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள், அதுவும் அருமை. வீட்டுச் சமையலுக்கு மீன் வாங்குவதைத் திங்கட்கிழமை தவிர்த்துவிடுங்கள். ஞாயிறன்று படகுகள் கடலுக்குப் போவதில்லை.

சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பருப்புக் கூட்டு போலத் தெரிவதில் பன்றித் தொத்திறைச்சி இருக்கும், 'கலவை சாலட்' என்பதில் சூரை மீன் இருக்கும். 'சின் ஹமோன், சின் அத்தூன்' (பன்றி இறைச்சி வேண்டாம், சூரை மீன் வேண்டாம்) என்று முன்பே சொல்லிவிடுங்கள். பாதாமும் பூண்டும் ரொட்டியும் அரைத்துத் திராட்சையோடு குளிரக் குளிரத் தரும் அஹோபிளாங்கோ சூப் உங்களுக்கானது. செப்டம்பர், அக்டோபரில் பின்னாலுள்ள மலைச்சரிவுகளிலிருந்து உள்ளூர் மாம்பழமே சந்தைக்கு வரும்.

வீடு பார்க்கும்போது ஆண்டு முழுவதுக்கும் ஒப்பந்தம் கேளுங்கள். செப்டம்பர் முதல் ஜூன் வரை மட்டும் கொடுத்துவிட்டு, கோடையில் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிற உரிமையாளர்கள் உண்டு. ஒப்பந்தமும் பாஸ்போர்ட்டும் எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகமான அயுந்தமியெந்தோவில் 'பத்ரோன்' என்ற குடியிருப்போர் பதிவை முடித்துவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கும் மருத்துவ அட்டைக்கும் அதைத்தான் கேட்பார்கள். பல வீடுகளில் கல் தரை, வெப்பமூட்டும் வசதி கிடையாது. ஜனவரியில் வெளியே வெயில் அடிக்கும்போதும் உள்ளே குளிரும். அக்டோபரிலேயே ஒரு சின்ன ஹீட்டர் வாங்கி வையுங்கள்.