ஊரில் இருந்தபடியே கனடாவுக்கு ஸ்பான்சர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாக் குடியுரிமை வாங்கி, கல்யாணத்துக்கென்று ஊருக்கு வந்து, அப்படியே இங்கேயே தங்கிவிட்டவர்கள் நம் நெல்லைப் பக்கம் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலை லேப்டாப்பில் நடக்கிறது, வீடு பெருமாள்புரத்திலோ தியாகராஜ நகரிலோ. இரண்டு மூன்று வருடம் போன பிறகுதான் மனைவிக்கோ கணவருக்கோ ஸ்பான்சராக நின்று பிஆர் (கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை) போடலாமே என்ற நினைப்பு வரும். பாளையங்கோட்டையில் ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் அந்தக் கோப்புகள் என் மேசைக்கு வந்துவிடும். நான் வக்கீல் இல்லை, லைசன்ஸ் உள்ள குடியேற்ற ஆலோசகரும் இல்லை. ஆனால் தொழிலுக்கு வந்த புதிதில் என் கண்ணுக்கும் தப்பிய அதே இடங்களில் இன்றும் ஆள் மாற்றி ஆள் வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்தை மறப்பது, ஃபோட்டோ அளவு தப்பாவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. செக்லிஸ்ட்டைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

பிஆர் கார்டு மட்டும் இருந்தால்

ஊரில் உட்கார்ந்து ஸ்பான்சர் செய்ய முடியாது. குடிமகனுக்கு மட்டும்தான் அந்த வழி.

பால்காய்ப்பு ஆல்பம்

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நாங்குநேரிப் பக்கத்துக்காரர் ஒருவர், கனடாக் குடிமகன். மனைவி இங்கே தனியார் பள்ளியில் ஆசிரியை. கே.டி.சி. நகரில் வங்கிக் கடனில் வீடு கட்டி, பால்காய்ப்பு முடித்த கையோடு என்னிடம் வந்தார். திருமணச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டு ஒரு ஆல்பத்தை நீட்டினார். "அண்ணாச்சி, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" வாசலில் குலை தள்ளிய வாழைமரம், பொங்கி வழிகிற பால், பக்கத்தில் பட்டுப்புடவையில் மனைவி, பின்னால் இருவர் பெயரையும் சேர்த்து வெட்டிய கருங்கல் பலகை. வீட்டுக் கடன் பத்திரமும் இருந்தது. இருபது வருடத் தவணை, அதுவும் இருவர் பெயரிலும்.

சேர்ந்து வாழ்கிறார்கள் என்று காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் அதே கோப்பு இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கனடாவுக்கு வெளியே வசிக்கும் குடிமகன் ஸ்பான்சர் செய்யும்போது, மனைவிக்கு பிஆர் கிடைத்ததும் தானும் கனடாவில் வசிப்பேன் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். குடியேற்ற விதிகளில் 130-ஆவது பிரிவு அதைத்தான் கேட்கிறது. இங்கே ஒன்றாகக் குடும்பம் நடத்துகிறீர்களா என்பது ஒரு கேள்வி, இங்கிருந்து எப்போது கிளம்புகிறீர்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அள்ளிக் கொட்டிய ஆதாரம் இரண்டாவது கேள்வியில் எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கும்.

அவர் எழுதிவைத்திருந்த கடிதம் இன்னும் மோசம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் பிஆர் வந்ததும் இருவரும் போய் இறங்கிவிட்டு உடனே ஊருக்குத் திரும்பிவிடுவோம், அப்பா காலம் வரை இங்கேதான் இருப்போம், குடிமகனான கணவனோடு வெளிநாட்டில் இருக்கும் நாளெல்லாம் கணக்கில் சேரும் என்று எழுதி, சட்டப் பிரிவின் எண்ணைப் போட்டு அடிக்கோடும் இட்டிருந்தார். டொராண்டோவில் இருக்கும் மச்சான் சொல்லிக்கொடுத்ததாம்.

மச்சான் சொன்ன விதி உண்மைதான். பிஆர் உள்ளவர் ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும், குடிமகனான துணையோடு வெளியே சேர்ந்திருக்கும் நாட்களையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அது கிடைத்த பிஆரைக் காப்பாற்றிக்கொள்ளும் கட்டத்தில் வருகிற விதி. ஸ்பான்சர் ஆகத் தகுதி உண்டா என்று பார்ப்பது அதற்கு முந்தைய கட்டம். அங்கே போய் இதைச் சொன்னால், நான் திரும்பி வந்து வசிக்கப் போவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும். இந்த ஒரு விதியை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, நல்ல கல்யாணம், நல்ல வேலை, சுத்தமான கோப்பு எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

விவரம் தெரிந்த ஒருவரிடம் கடிதத்தைக் காட்டிவிட்டு அனுப்புங்கள் என்றேன். "அதெல்லாம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி, நீங்க சர்ட்டிபிகேட்ட மட்டும் முடிச்சித் தாங்க" என்றார். முடித்துக் கொடுத்தேன். சில மாதம் கழித்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதே கதையை இன்னும் நீளமாக எழுதி அனுப்பினார். ஸ்பான்சர் செய்யத் தகுதி இல்லை என்று பதில் வந்துவிட்டது.

சரி, திரும்பிப் போவதற்கு என்னதான் ஆதாரம்? முத்திரைத்தாளில் "நாங்கள் நிச்சயம் போவோம்" என்று அடித்து நோட்டரியிடம் சீல் வாங்கி வருகிறார்கள். அதை வைத்து யாரும் நம்பிவிட மாட்டார்கள். லேப்டாப் வேலைக்காரருக்குச் சுலபமான ஆதாரம் கம்பெனிக் கடிதம்: இவர் கனடாவுக்கு மாறியதும் இதே வேலையில் அங்கிருந்து தொடர்வார் என்று இரண்டு வரி. கேட்டால் கொடுத்துவிடுவார்கள், கேட்கிறவர்தான் இல்லை. அங்கே வேலை இல்லாதவர் என்றால் விண்ணப்பம் போட்டதும் நேர்காணலுக்கு அழைத்ததும் உள்ள மின்னஞ்சல்கள். தங்க இடம் என்றால், பிராம்ப்டனிலோ ஸ்கார்பரோவிலோ இருக்கும் சொந்தக்காரர், முதல் சில மாதம் என் வீட்டில் இருக்கலாம் என்று எழுதிய கடிதமும் அந்த வீடு அவருடையது என்று காட்டும் வரி ரசீதும். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் விசாரித்த மின்னஞ்சல், ஆசிரியை மனைவி தன் படிப்பை அங்கே மதிப்பீட்டுக்கு அனுப்பிய ரசீது, இதெல்லாம் நன்றாகப் பேசும்.

அப்புறம் இங்கே விட்டுவிட்டுப் போவதற்கெல்லாம் என்ன ஏற்பாடு என்பதையும் எழுதுங்கள். புது வீட்டை வாடகைக்கு விடப் போகிறீர்களா, தவணை எந்தக் கணக்கிலிருந்து போகும், அப்பாவை எந்த அக்கா பார்த்துக்கொள்வாள். வீடு கட்டியதை மறைக்கச் சொல்லவில்லை. பால்காய்ப்புப் படத்தில் நாலு போதும், பின்னாலேயே இந்த ஏற்பாடும் வர வேண்டும் என்கிறேன். விமான டிக்கெட்டை மட்டும் ஆதாரம் காட்டுவதற்காக முன்கூட்டி எடுக்காதீர்கள், அந்தப் பணம் வீண்.

நாலைந்து வருடத்துக்கு உண்மையிலேயே போகிற எண்ணம் இல்லை என்றால் இப்போது விண்ணப்பிக்கவே வேண்டாம். இல்லாத திட்டத்தை ஜோடித்து எழுதி மாட்டினால் பொய்த்தகவல் கொடுத்ததாக ஐந்து வருடத் தடை விழும். அது விழுவது விண்ணப்பிக்கிற துணையின் தலையில்.

1344 படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்

ஸ்பான்சருக்குத் தகுதி இல்லை என்று முடிவானால் விண்ணப்பத்தை வாபஸ் வாங்குகிறீர்களா, தொடரச் சொல்கிறீர்களா என்று ஐஎம்எம் 1344 என்ற ஸ்பான்சர் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. வாபஸ் என்றால் ஸ்பான்சர் கட்டணம் போக மீதிப் பணம் திரும்பி வரும். அதைப் படித்ததும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அங்கே டிக் போட்டுவிடுகிறார்கள். மேல்முறையீட்டு உரிமையும் அதோடு போய்விடும். தொடரச் சொல்லியிருந்தால், நிராகரிப்பு வந்த 30 நாளுக்குள் குடியேற்ற மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், புது ஆதாரமும் வைக்கலாம். நாங்குநேரிக்காரர் வாபஸில்தான் டிக் போட்டிருந்தார். பணம் வந்தது. இப்போது புதிதாகப் போட்டு வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

வீடு தாத்தா பெயரில்

கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு, சேர்ந்து வாழ்வதைக் காட்ட வாடகை ஒப்பந்தம் இருக்காது, இபி பில் இறந்துபோன தாத்தா பெயரில் வரும். அதற்காகப் போலி வாடகைப் பத்திரம் தயாரிக்க வேண்டாம். குடும்ப அட்டையில் மனைவி பெயரைச் சேர்த்தது, ஆதாரில் முகவரி மாற்றியது, எல்ஐசியில் நாமினி போட்டது, கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு இருவர் பெயரிலும் வந்த கடிதங்கள் போதும். கூடவே வீட்டுப் பெரியவர் ஒருவர், இவர்கள் இன்ன தேதியிலிருந்து என்னோடு இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும்.

திருமணப் பதிவை மறந்துவிடாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லா மதத்தாருக்கும் பதிவு கட்டாயம். மண்டப ரசீதும் அழைப்பிதழும் சான்றிதழுக்கு ஈடாகாது.

சொந்தத்தில் கட்டியதை மறைப்பது

மாமன் மகளையோ அக்கா மகளையோ கட்டியவர்கள், வெள்ளைக்காரன் தப்பாக நினைப்பான் என்று உறவை மறைத்து எழுதுகிறார்கள். ஒரே தெருவில் வளர்ந்த இருவர், கோயில் கொடையில் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டதாக ஒரு கதை எழுதிவந்தார்கள். கல்யாணப் படத்தில் பெண் வீட்டு வரிசையிலும் மாப்பிள்ளை வீட்டு வரிசையிலும் அதே ஆச்சி நிற்கிறாள்! கனடாச் சட்டம் தடுப்பது நேர் வழி உறவையும் உடன்பிறந்தவர்களையும்தான். இங்கே இந்து திருமணச் சட்டமும் வழக்கம் இருந்தால் அனுமதிக்கிறது. எங்கள் குடும்பங்களில் இது வழக்கம் என்று ஒரு வரி நேராக எழுதினால் முடிந்தது.

ஃபோனில் நடந்த நிக்காஹ்

செல்லாது. 2015 ஜூன் முதல், இருவரும் நேரில் இருந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள்

அப்பாவோ அம்மாவோ கனடாக் குடியுரிமை பெற்ற பிறகு இங்கே பிறந்த பிள்ளை, பெரும்பாலும் பிறப்பிலேயே கனடாக் குடிமகன். அந்தப் பிள்ளைக்கு பிஆர் கேட்டுக் கட்டணம் கட்டுகிறவர்கள் உண்டு. கேட்க வேண்டியது குடியுரிமைச் சான்றிதழ், அதைத் தனியாக, முன்கூட்டியே கேளுங்கள். குடியுரிமை பெறுவதற்கு முன்பே பிறந்த பிள்ளைக்குக் கணக்கு வேறு, அந்தப் பிள்ளையைத் துணையின் விண்ணப்பத்தில், சார்ந்திருக்கும் பிள்ளையாகச் சேர்க்க வேண்டும்.

துணைக்கு முந்தைய திருமணத்தில் பிள்ளை இருந்தால், கூட வராவிட்டாலும், வேறு ஊரில் வளர்ந்தாலும், பெயரை எழுதி மருத்துவப் பரிசோதனைக்கும் உட்படுத்த வேண்டும். இப்போது விட்டால், பின்னால் அந்தப் பிள்ளையைக் குடும்பப் பிரிவில் அழைக்கும் வழி அடைபட்டுப் போகலாம். அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்று இதை மறைப்பவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிடுகிறேன்.

மொழிபெயர்ப்பு

சித்தப்பா ஆங்கில வாத்தியாராகவே இருக்கட்டும். குடும்பத்தார் செய்த மொழிபெயர்ப்பை ஏற்க மாட்டார்கள்.

போலீஸ் சான்று

18 வயதுக்குப் பிறகு, கடந்த பத்து வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் துணைக்குச் சான்று வேண்டும். நம் ஊர்ச் சான்று பாஸ்போர்ட் சேவா மையத்தில் கிடைத்துவிடும். இழுப்பது வளைகுடாதான். அங்கே வேலையை விட்டு வரும்போதே வாங்கிக்கொண்டு வந்தால் நல்லது.

மருத்துவப் பரிசோதனை

பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிச் சான்று செல்லாது. கனடாக் குடியேற்றத் துறையின் பட்டியலில் உள்ள டாக்டர்தான் பார்க்க வேண்டும். கைரேகைக்கு எப்படியும் சென்னை போகத்தான் வேண்டும், நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடும்போது இரண்டையும் சேர்த்து முடிக்க முடியுமா என்று பாருங்கள்.

மொன்றியலில் குடியேறுகிறவர்கள்

கியூபெக்குக்கு விதியும் வரிசையும் தனி. இங்கே எழுதியதை அப்படியே நம்பிப் போக வேண்டாம்.

பிஆர் உறுதியான பிறகு

உறுதிப்படுத்தும் ஆவணத்தில் ஒரு கடைசித் தேதி இருக்கும். மருத்துவப் பரிசோதனையும் பாஸ்போர்ட்டும் காலாவதியாவதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் அந்தத் தேதியைப் போடுவார்கள். பரிசோதனை ஒரு வருடம்தான் செல்லும் என்பதால், கையில் கிடைக்கும்போது சில மாதமே மீதி இருக்கும். கொழுந்தியாள் கல்யாணம், ஆனித் தேரோட்டம், பிள்ளைக்கு முழுப்பரீட்சை எல்லாம் அதற்குள்தான் வரும். முதலில் கனடாவில் இறங்கும் தேதியைக் குறித்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்ப வையுங்கள்.