205/55 ஆர்16: வெர்டஸ், ஸ்லாவியா வண்டிகளுக்குப் புது டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

போன ஐப்பசி மழையில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். சாலையில் தேங்கிய தண்ணீருக்குள் வண்டி இறங்கியதும், ஸ்டியரிங் ஒரு நொடி கையில் கனமே இல்லாமல் போனது. தண்ணீரை வெளியே தள்ளும் அளவுக்கு டயரில் பள்ளம் மிச்சம் இல்லை. வண்டி தண்ணீரின் மேல் மிதந்திருக்கிறது. 150 குதிரைத்திறன் என்ஜின் இருந்தாலும் சாலையைத் தொடுவது நான்கு டயர்களின் உள்ளங்கை அளவு ரப்பர்தான். அதைத் தேர்ந்தெடுக்க நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். என் வண்டி ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ் 1.5 டர்போ கார். ஸ்கோடா ஸ்லாவியாவுக்கும் இதே முறைதான்.

படி 1: பழைய டயரைக் கையால் தடவிப் பாருங்கள்

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர், தேய்ந்து அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், சட்டப்படி அதுவே கடைசி எல்லை. நான் அதுவரை காத்திருப்பதில்லை. 3 மில்லிமீட்டருக்கு வந்ததும், மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவேன்.

அப்புறம், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி நிறுத்தி, முன் டயரின் உள்விளிம்பைத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் மறுதிசையில் ரம்பப் பல் மாதிரியும் தட்டுப்பட்டால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் இதே கதிக்கு ஆளாகும்.

படி 2: பக்கச் சுவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

என் டயரில் 205/55 ஆர்16 91வி என்றிருக்கிறது. 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவீதம். 16 என்பது வீலின் விட்டம், அங்குலத்தில். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். ‘வி’ என்றால் 240 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். ‘அவ்வளவு வேகம் யார் போகப்போகிறார்கள்’ என்று அதைவிடக் குறைந்த வேகத்துக்கான ‘டி’ (T) குறியுள்ள டயரை மலிவாகத் தரப் பார்ப்பார்கள். வேண்டாம். வேகக் குறி என்பது டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் காட்டுகிறது. சித்திரை வெயிலில் ஐந்து பேரோடு நெடுஞ்சாலையில் போகும்போது அது தேவைப்படும்.

படி 3: சைஸை ஏற்றாதீர்கள்

இந்த ஆசை பலருக்கும் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 205/55 ஆர்16 டயரின் மொத்த விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர். 215/55 ஆர்16 என்றால் 643. ஸ்பீடோமீட்டர் முன்பைவிடக் குறைத்துக் காட்டும், எடை கூடும், இழுவை கொஞ்சம் மந்தமாகும். 17 அங்குல வீலுக்கு 205/50 போட்டால் விட்டம் ஏறக்குறைய பொருந்தும். ஆனால் பக்கச் சுவர் சுமார் 113 மில்லிமீட்டரிலிருந்து 103-க்கு இறங்கிவிடும். நம் ஊர்க் குழிகளில் அந்த 10 மில்லிமீட்டர்தான் வீல் நெளியாமல் காப்பாற்றுவது. கம்பெனி சைஸே போதும்.

படி 4: எந்த ரகம்?

நேரம் எடுத்துத் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். ஒரு பக்கம் மிஷெலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா போன்ற சொகுசு ரக டயர்கள்: சத்தம் குறைவு, நீண்ட உழைப்பு. மறுபக்கம் மிஷெலின் பைலட் ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1 போன்ற ஸ்போர்ட்ஸ் ரகம்: மென்மையான ரப்பர், விறைப்பான பக்கச் சுவர், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி திரும்பும். ஆனால் சீக்கிரம் தேயும், நம் சைஸில் எப்போதும் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது.

மாதம் ஒருமுறை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ரசித்து ஓட்டுபவர் ஸ்போர்ட்ஸ் ரகம் வாங்கலாம். வாரம் முழுக்க ஊருக்குள்ளும் விடுமுறைக்கு நெடுஞ்சாலையிலும் ஓடும் வண்டிக்கு, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் சொகுசு ரகமே என் தேர்வு. காய்ந்த சாலையில் சுமாரான டயர்கூடச் சமாளித்துவிடும். மழையில்தான் நல்ல டயர் எது என்று தெரியும்.

பக்கச் சுவரில் ‘டிரெட்வேர்’ என்று ஓர் எண் இருந்தால், அதிக எண் அதிக உழைப்பைக் குறிக்கும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துப் போடுவதால், ஒரே கம்பெனியின் டயர்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். அருகில் உள்ள ‘டிராக்‌ஷன்’ எழுத்து, ஈரச் சாலையில் நேராகப் போகும்போது பிரேக் பிடிக்கும் திறனைச் சொல்கிறது; வளைவில் எப்படி என்று சொல்லாது. அதற்கு அதே டயர் போட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

படி 5: கடையில் தேதி பாருங்கள்

டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் வரிசையில் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். எனக்கு ஒரு கடையில் ‘புது ஸ்டாக்’ என்று எடுத்து வைத்த நான்கில் இரண்டு, ஒன்றரை வருடம் பழையவை. டார்ச் அடித்துக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். நான்கையும், மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். எண்கள் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருக்கலாம், அதனால் திருப்பியும் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். ஸ்டெப்னியின் தேதியையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

படி 6: மாட்டும்போது

நான்கும் ஒன்றாக மாற்றுவது நல்லது. பணம் இடிக்கிறது என்றால் ஒரே ரகத்தில் இரண்டு வாங்கி, பின்னால் போடுங்கள். முன்சக்கர இழுவை வண்டிக்குப் புதியதை முன்னால் போடச் சொல்வார்கள். ஆனால் ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

பக்கச் சுவரில் ‘அவுட்சைடு’ என்றிருந்தால் அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். வால்வையும் புதிதாகப் போட்டு, பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் செய்துவிடுங்கள்.

முதல் 200 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். புது ரப்பரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், அது தேய்ந்தபிறகுதான் முழுப் பிடிப்பும் வரும். ஒரு வாரம் கழித்து, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் சூடாகாதபோது காற்றை அளந்து பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ டிரைவர் கதவுத் தூணிலோ ஒட்டியிருக்கும்.