விண்டோஸ் பழகிய கையோடு மேக்குக்கு மாறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடம் விண்டோஸ் பாவித்துவிட்டு மேக் வாங்குகிறவர்களுக்கு முதல் கிழமையில் எரிச்சல் தருவது விசைப்பலகைதான். கொன்ட்ரோலைத் தேடிக் கை போகும், ஒன்றும் நடக்காது. அது சீக்கிரம் பழகிவிடும். கவனமாக இருக்க வேண்டியது வேறு சில இடங்களில்: பார்க்க விண்டோஸில் செய்வது போலவே இருக்கும், ஆனால் மேக்கில் விளைவு வேறாக இருக்கும். ஆட்கள் வருடக்கணக்கில் சேர்த்த கோப்புகளை இழப்பது அங்கேதான். அதனால் விசைப்பலகையைப் பிறகு பார்ப்போம்.

முதலாவது, ஒரே பெயருள்ள ஃபோல்டர்கள். டியூஷன் ஆசிரியர் ஒருவரிடம் மேக்கில் 'ஏ.எல். டியூட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே மூன்று வருட டியூட்டுகள். பென் டிரைவிலும் அதே பெயரில் ஒன்று, அதில் இந்த மாதம் செய்தவை மட்டும். விண்டோஸில் ஒன்றின் மேல் மற்றதைக் கொப்பி பண்ணினால் இரண்டும் சேர்ந்துவிடும். பழையவை இருந்தபடியே இருக்கும், புதியவை கூடும். மேக்கில் அதையே செய்தால் 'ரிப்ளேஸ்' பண்ணவா என்று கேட்கும். பழக்கத்தில் அதை அழுத்தினால், மூன்று வருட ஃபோல்டர் முழுவதுமாகப் போய், அந்த இடத்தில் இந்த மாத ஃபோல்டர் வந்துவிடும். பழையது ட்ராஷில் கிடக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். சில வேளைகளில் 'மெர்ஜ்' என்ற தேர்வும் அந்தப் பெட்டியில் வரும். ஒப்ஷன் விசையைப் பிடித்தபடி இழுத்துப் போட்டால் அது வர வாய்ப்பு அதிகம். ஆனால் நான் எல்லோருக்கும் சொல்வது இதைவிட எளிது: கொப்பி பண்ணும் முன்னமே புதிய ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்த பிறகு, தேவையான கோப்புகளை ஆறுதலாக எடுத்துப் போடலாம்.

இரண்டாவது, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். விண்டோஸில் பாவித்த பெரும்பாலான டிஸ்க்குகள் என்டிஎஃப்எஸ் என்ற, விண்டோஸுக்கே உரிய சேமிப்பு முறையில் இருக்கும். மேக் அதைத் திறந்து படிக்கும், உள்ளதைக் கொப்பி எடுக்கவும் விடும். ஆனால் அதில் எதையும் எழுதாது. கோப்பை இழுத்துப் போட்டால் ஏற்காததால் டிஸ்க் பழுது என்று நினைத்து, மேக்கில் டிஸ்க்குகளைக் கையாளும் டிஸ்க் யூடிலிட்டியைத் திறந்து 'இரேஸ்' (முழுதாக அழி) கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தின் கல்யாணப் படங்கள், பூப்புனித நீராட்டு விழா வீடியோக்கள் எல்லாம் அந்த ஒரு அழுத்தலோடு போய்விடும். சரியான வழி: முதலில் உள்ளதையெல்லாம் மேக்கிலோ வேறொரு டிஸ்க்கிலோ கொப்பி பண்ணி, சில கோப்புகளைத் திறந்து சரிபார்த்து, அப்புறம் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபோர்மட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட்டில் இரண்டு பக்கமும் படிக்கலாம், எழுதலாம். ஆனால் 'இஜெக்ட்' கொடுக்காமல் வயரை இழுத்தால் அது என்டிஎஃப்எஸ்ஸைவிட எளிதாகப் பழுதாகும். அந்தப் பழக்கத்தை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும்.

மேக்கின் டைம் மெஷின் பேக்கப்புக்கு இதே டிஸ்க்கைக் கொடுக்க நினைக்காதீர்கள். அது டிஸ்க்கை அழித்துத் தன் முறைக்கு மாற்றத்தான் கேட்கும். பேக்கப்புக்கென்று தனியாக ஒன்று வாங்குங்கள். மேக் வாங்கும் காசோடு சேர்த்தே அதற்கும் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவது ஐகிளவுட், அதாவது அப்பிளின் இணையச் சேமிப்பு. 'டெஸ்க்டொப் அன்ட் டொகியுமென்ட்ஸ்' என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அந்த இரண்டு ஃபோல்டரில் வைக்கும் எல்லாமே ஐகிளவுட்டுக்கு ஏறும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டும். அது நிறைந்ததும் எச்சரிக்கை வரும். இணையத்தில் ஐகிளவுட்டைத் திறந்து அங்கிருப்பவை வெறும் பிரதிகள் என்று நினைத்து அழித்தால் மேக்கிலும் அவை போய்விடும். அழித்தவற்றை 30 நாட்களுக்குள் ஐகிளவுட் தளத்தில் 'ரீசன்ட்லி டெலீடெட்' பகுதியிலிருந்து மீட்கலாம். மாத டேட்டா அளவுள்ள இணைப்பு வைத்திருப்பவர்கள் மேக் வாங்கிய அன்றே செட்டிங்ஸில் இது இயங்குகிறதா என்று பாருங்கள். தெரியாமலே டேட்டா முடிந்துபோவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

தமிழ் தட்டெழுதுவது

இலங்கையில் பலருக்குக் கை பழகியது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அதன் இயக்கத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். பாமினி கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. ஆகவே பழைய கோப்பை மேக்கில் திறந்ததும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பாமினி எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து ஃபொன்ட் புக்கில் சேருங்கள், பழையபடி தெரியும். ஆங்கில விசைப்பலகையை வைத்து, எழுத்துருவைப் பாமினி ஆக்கி, பழகிய விசைகளிலேயே தட்டவும் முடியும்.

இங்கே ஒரு சிக்கல் வரும், காரணம் தெரியாமல் பலர் திண்டாடுவது இதில்தான். மேக் வசனத்தின் முதல் ஆங்கில எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றும். பாமினியில் சின்ன எழுத்து ஒன்று, பெரிய எழுத்து வேறொன்று. 'த' தட்டும் விசையே பெரிய எழுத்தானால் 'து' ஆகும். நீங்கள் 'தமிழ்' என்று தட்ட, திரையில் 'துமிழ்' வந்து நிற்கும். செட்டிங்ஸில் கீபோர்ட் பகுதிக்குப் போய், தானாகப் பெரிய எழுத்தாக்குவது, தானாக எழுத்துப்பிழை திருத்துவது, மேற்கோள் குறிகளை வளைப்பது ஆகிய மூன்றையும் நிறுத்துங்கள். வேர்டுக்குத் தனியாக ஓட்டோகரெக்ட் இருக்கிறது, அதிலும் இவற்றை நிறுத்த வேண்டும்.

புதிதாக எழுதுபவற்றையாவது யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்துகளையே தமிழாகச் சேமிக்கும் பொது முறையில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மேக்கில் தமிழ்99, அஞ்சல் என்ற தட்டெழுத்து முறைகள் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன, எதையும் இறக்கத் தேவையில்லை. இணைமதி, தமிழ் சங்கம் என்ற எழுத்துருக்களும் கூடவே வருகின்றன. யூனிகோடில் எழுதியதைத் தேடலாம், வட்ஸ்அப்பில் அனுப்பலாம், எந்தக் கணினியிலும் படிக்கலாம்.

எழுதியதைப் பக்கத்துக் கொமியூனிகேஷனில் பிரிண்ட் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போங்கள். மேக்கின் பேஜஸ் கோப்பு அங்குள்ள விண்டோஸ் கணினியில் திறக்காது. வேர்ட் கோப்பு என்றாலும் எழுத்துரு மாறிப் பக்கங்கள் குழம்பலாம்.

விசைகளும் ஜன்னல்களும்

கொன்ட்ரோல் செய்த வேலைகளில் பெரும்பாலானவற்றை இங்கே கொமாண்ட் செய்யும். சின்ன விரலுக்குப் பதில் கட்டைவிரலால் அழுத்தப் பழகுங்கள். செட்டிங்ஸில் இரண்டையும் இடம் மாற்றி வைக்கலாம்தான், ஆனால் நான் பரிந்துரைப்பதில்லை. அடுத்தவர் மேக்கில் உட்கார்ந்தால் திரும்பத் தொடக்கத்திலிருந்து பழக வேண்டும். மேக்கில் கோப்புகளைப் பார்க்கும் ஃபைண்டரில் என்டர் அழுத்தினால் கோப்பு திறக்காது, பெயர் மாற்றக் கேட்கும். திறப்பதற்கு கொமாண்டும் ஓ-வும். கோப்பை வெட்டி ஒட்ட, கொமாண்டும் சி-யும் அழுத்திக் கொப்பி எடுத்து, ஒட்டும்போது ஒப்ஷனையும் கொமாண்டையும் சேர்த்துப் பிடித்து வி அழுத்துங்கள். லண்டனிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த மேக் என்றால், ஹேஷ் குறி விசைப்பலகையில் தெரியாது. அது ஒப்ஷனும் 3-உம்.

சிவப்புப் பொத்தான் ஜன்னலை மூடும், ஆனால் பல மென்பொருள்கள் பின்னால் ஓடிக்கொண்டேயிருக்கும். மென்பொருள்களின் படங்கள் வரிசையாக இருக்கும் டொக்கில், ஒரு படத்தின் கீழே சின்னப் புள்ளி தெரிந்தால் அது ஓடுகிறது என்று அர்த்தம். முழுதாக நிறுத்த கொமாண்டும் க்யூ-வும் அழுத்த வேண்டும்.

மென்பொருளை இறக்கியதும் வரும் வெள்ளை டிஸ்க் படத்திலிருந்தே அதைத் திறந்து பாவிக்காதீர்கள். அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டுவிட்டு டிஸ்க்கை இஜெக்ட் செய்யுங்கள். திருட்டு மென்பொருளைப் போடச் சொல்லி, பாதுகாப்பை நிறுத்தும் வழியையும் சேர்த்து அனுப்பும் நண்பரின் பேச்சைக் கேட்க வேண்டாம். மேக்குக்குத் தீம்பொருள் வரும் வழிகளில் அதுவும் ஒன்று.

வாங்கும் முன்

விண்டோஸ் லப்டொப்பில் இப்போது 8 ஜிபி போதும், பிறகு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ரேம் கூட்டிக்கொள்ளலாம் என்று வாங்குவது கொழும்பில் வழமை. இன்றைய மேக்புக்கில் அது நடக்காது. ரேமும் சேமிப்பும் வாங்கும்போது இருப்பதுதான், கடைசிவரை அதே. 2024 ஒக்டோபரில் அப்பிள் அப்போது வந்த புதிய மேக்குகளுக்குக் குறைந்தது 16 ஜிபி கொடுத்தது, அதனால் 8 ஜிபி மேக் ஒன்றை மலிவாகச் சொன்னால் யோசித்து எடுங்கள்.

பழையது வாங்குபவர்கள் இன்டெல் சிப் உள்ளதைத் தவிர்ப்பது நல்லது. அப்பிள் 2020 நவம்பரில் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறத் தொடங்கியது. 2025இல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசி மேக் ஓஎஸ். விற்பவர் முன்னாலேயே தன் அப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, மேக்கை முழுதாக அழித்து, முதல் திரை வரும்வரை காட்ட வேண்டும். அந்தத் திரையில் வேறொருவரின் கணக்கைக் கேட்டாலோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டினாலோ காசு கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

கணக்கியல் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மேக்கில் எக்ஸெல் உண்டு, ஆனால் பவர் பிவட் இல்லை. அக்சஸ், பப்ளிஷர் இரண்டும் இல்லவே இல்லை. அலுவலக மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவதாக இருந்தால், இன்டெல் மேக்குகளில் விண்டோஸைப் போட உதவிய பூட் கேம்ப் எம் வரிசை சிப் உள்ள மேக்கில் வேலை செய்யாது என்பதைக் கவனியுங்கள். பேரலல்ஸ் என்ற மென்பொருள் மூலம் விண்டோஸ் 11இன் ஆர்ம் பதிப்பை (எம் வரிசை போன்ற சிப்புகளில் ஓடும் பதிப்பை) மேக்குக்குள் போடலாம், ஆனால் எல்லாப் பழைய மென்பொருளும் அதில் ஒழுங்காக ஓடும் என்று சொல்ல முடியாது. பழைய விண்டோஸ் லப்டொப்பை உடனே விற்றுவிடாமல், ஒரு மாதக் கணக்கு முடித்து, சம்பளப் பட்டியல் போட்டு, பிரிண்டரிலும் எடுத்துப் பார்த்த பிறகு விற்பதா இல்லையா என்று முடிவெடுங்கள்.