செகண்ட் ஹேண்ட் கார் பார்த்து வாங்குவது எப்படி: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கான செய்முறை

பழைய கார் பார்க்கப் போனதும் பெரும்பாலானோர் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரைத்தான். நம்ம மாவட்டத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, வண்டி இத்தனை வருஷமும் எங்கே நின்றது என்பது. குளச்சலிலோ முட்டத்திலோ கடலைப் பார்த்த முற்றத்தில் எட்டு வருஷம் நின்று 40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியைவிட, தக்கலையில் கூரைக்கடியில் நின்று 80,000 ஓடியது பல நேரம் நல்ல வண்டியாக இருக்கும். உப்புக்காற்றும் வருஷத்துக்கு இரண்டு பருவமழையும் தகரத்தை என்ன செய்தன என்பதை மீட்டர் காட்டாது.

இரண்டரை லட்சத்திலிருந்து நான்கு லட்சத்துக்குள், முதல் முறையாகக் கார் தேடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

படி 1: கையிலிருக்கும் பணத்தைப் பிரித்து வையுங்கள்

மூன்று லட்சம் இருக்கிறது என்றால் மூன்று லட்ச ரூபாய் வண்டியைப் பார்க்காதீர்கள். 2,55,000 வரைதான் வண்டிக்கு. மீதி 45,000 வாங்கிய பிறகு போகும்: சின்னக் காருக்கு நாலு டயர் மாற்றினால் சுமார் 15,000, பேட்டரி 4,000 முதல் 5,000, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், முதல் சர்வீஸ். எதுவுமே தேவைப்படாத வண்டி என்று விற்கிறவர் சொல்வார். பழைய வண்டியில் அப்படி ஒன்று அபூர்வம்.

படி 2: வீட்டு ஆட்களுக்கு ஏற்ற மாடல்

முதல் காருக்குப் பெட்ரோல், கையால் கியர் போடும் வண்டி போதும். மாதம் 1,500 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுகிறவருக்கு டீசல் லாபமில்லை. இன்ஜெக்டர், டர்போ என்று ஒரு வேலை வந்தாலே மிச்சம் பிடித்த பணம் போய்விடும். கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் பழைய ஏ.எம்.டி. வண்டியையும் தவிர்க்கலாம். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பின்னால் உருளும். கியரையும் கிளட்சையும் இயக்கும் அதன் ஆக்சுவேட்டர் பழுதானால் செலவு பெரிது.

முட்டுவலி உள்ள பெரியவர்கள் இருந்தால் வேகன் ஆர். இருக்கை உயரம் என்பதால் குனியவும் வேண்டாம், எழும்பத் திணறவும் வேண்டாம். பின்சீட்டில் குழந்தைகள் என்றால் பின்னாலும் ஏ.சி. காற்று வரும் கிராண்ட் ஐ10. அடிக்கடி லக்கேஜோடு திருவனந்தபுரம் ஏர்போர்ட் போகிற வீடு என்றால் டொயோட்டா எட்டியோஸ் செடான். டிக்கி 595 லிட்டர். ஸ்விஃப்ட் ஓட்டுகிறவருக்கு நல்ல வண்டி, பின்சீட்டுக்காரருக்கு அவ்வளவு இல்லை. ஷெவர்லே 2017-லேயே இந்திய விற்பனையை நிறுத்திவிட்டது, ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை மூட முடிவெடுத்தது. விலை ஆசை காட்டும், ஆனால் ஒரு பம்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

பாதுகாப்பில் ஒரு கோடு: 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானவற்றில் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு), டிரைவர் ஏர்பேக், பின்பக்க சென்சார் ஆகியவை கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில் வேரியண்ட் பார்த்துத்தான் தெரியும்.

படி 3: வண்டி எங்கே வளர்ந்தது?

கடப்புறத்து வண்டி என்றால் துரு. அதற்குத் தனிப் படியே கீழே இருக்கிறது.

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கத்து வண்டி என்றால் கிளட்ச், அடிப்பகுதி. ரப்பர் தோட்டத்துச் செங்குத்து ஏற்றங்களில் அரைக் கிளட்சில் ஏறி ஏறி கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். கல்பாதையில் சைலன்சரும் என்ஜின் அடித்தட்டும் இடிபட்டிருக்கும்.

“வெளிநாட்டுக்காரர் வண்டி, ஓடவே இல்லை” என்று சொல்லப்படுபவை நம்ம ஊரில் ஏராளம். வருஷத்தில் ஒரு மாதம் லீவுக்கு வரும்போது ஓட்டி, மீதி நாள் தார்ப்பாய் போட்டு மூடிவைத்த வண்டி. மீட்டர் 18,000 காட்டும், பொய்யும் இருக்காது. ஆனால் நின்றே டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும், பிரேக் டிஸ்க் குழிந்திருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும். பானெட்டைத் திறந்து ஏர்ஃபில்டர் டப்பாவையும் திறந்து பாருங்கள். எலிக்கூடு இருக்கும் இடம் அதுதான். குறைந்த கிலோமீட்டருக்காக விலையை ஏற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டி போர்டிலிருந்து (டாக்சி) சொந்த போர்டுக்கு மாறிய வண்டி ஆர்.சி. விவரத்தில் தெரிந்துவிடும். எட்டியோஸ், டிசையர் இரண்டிலும் கட்டாயம் பாருங்கள்.

கே.எல். நம்பர் வண்டி களியக்காவிளை தாண்டி மலிவாகக் கிடைக்கும். அந்த விலையோடு கேரள ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய தமிழ்நாட்டு வரி, மறுபதிவுச் செலவு, அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டுங்கள். வேறு மாநிலப் பதிவோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. கூட்டிப் பார்த்தால் டி.என். 74, டி.என். 75 வண்டியே பல சமயம் லாபம்.

படி 4: பார்க்கப் போகும் முன்பே காகிதம்

நம்பரை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போடுங்கள். பதிவுத் தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் முடியும் நாள், பதிவு செல்லுபடியாகும் நாள், கடன் இருக்கிறதா என்பது வரும். இ-சலான் பக்கத்தில் அபராதம் பாக்கியைத் தனியாகப் பார்க்க வேண்டும். பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதை நெருங்கும் வண்டி என்றால் புதுப்பிக்கும் செலவும் உங்கள் தலையில் விழும்.

நேரில் போகும்போது ஆர்.சி.யில் உள்ள சேஸ் நம்பர் 17 எழுத்தையும் வண்டியில் பொறித்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எத்தனையாவது ஓனர் என்பதும் ஆர்.சி.யிலேயே இருக்கிறது, “சிங்கிள் ஓனர்” என்ற வாய்ச்சொல் தேவையில்லை.

படி 5: துரு

மழையில், இருட்டில், கழுவி ஈரமாக நிற்கும்போது வண்டி பார்க்காதீர்கள். காலை வெயிலில், ஒரு டார்ச், ஒரு பழைய பாய், துணி சுற்றிய சின்னக் காந்தம் எடுத்துக்கொண்டு போங்கள்.

பாயை விரித்துப் படுத்து அடியைப் பாருங்கள். சைலன்சர், லோயர் ஆர்ம், போல்ட் தலைகள் பழுப்பாக இருப்பது இயல்பு. உள்நாட்டு வண்டியிலும் இருக்கும். பயப்பட வேண்டியது வேறு இடங்கள்: ஜாக்கி வைக்கும் விளிம்பு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் படிப்பெட்டி, தரைத்தகடு, சஸ்பென்ஷனும் என்ஜின் தாங்கியும் பாடியோடு சேரும் இடம், பிரேக் எண்ணெய்க் குழாய். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். ‘டங்’ என்று கேட்டால் தகரம் இருக்கிறது. மொத்தையாகக் கேட்டு செதில் உதிர்ந்தால் இல்லை. ஜாக்கி வைக்கும் இடம் உளுத்த வண்டியை எவ்வளவு விலை குறைத்தாலும் விட்டுவிடுங்கள். அதை வெல்டிங் வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் வெளியே தெரிவது கால் பங்கு என்றால் உள்ளே முக்கால் பங்கு தின்றிருக்கும்.

அடி முழுக்கப் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் பளபளத்தால் சந்தோஷப்படாதீர்கள். விற்பதற்கு முந்தின வாரம் அதைப் பூசுவதற்குக் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும்.

மேலே வந்தால், கதவின் கீழ் மடிப்பில் விரலை ஓட்டுங்கள். பெயிண்ட் குமிழ் விட்டிருந்தால் துரு உள்ளிருந்து வருகிறது. கதவு ரப்பர் பீடிங்கை ஓரிடத்தில் இழுத்துப் பாருங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி குழியைப் பாருங்கள். பின்சக்கர வளைவின் உள்விளிம்பு, கண்ணாடிக்குக் கீழே வைப்பர் தட்டி, பேட்டரி உட்காரும் தட்டு. ஏ.சி. கண்டென்சர் முன் கிரில்லுக்குப் பின்னால்தான் இருக்கும். அலுமினியத் தகடுகள் விரல் பட்டதும் பொடியானால் அதை மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

படி 6: வெள்ளமும் விபத்தும்

2018 ஆகஸ்டில் கேரளத்திலும் 2021 நவம்பரில் நம்ம மாவட்டத்திலும் வெள்ளம் வந்தது. மூழ்கிய வண்டி கழுவித் துடைத்து எங்காவது விற்பனைக்கு வரத்தான் செய்யும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்சுருளில் சேற்றுக் கறை இருந்தால் போதும், திரும்பி வந்துவிடலாம். சீட் தண்டவாளத்தில் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் முனைகளில் பச்சைப் பூப்பு, மிதியடிக்குக் கீழே ஈரவாடை ஆகியவையும் சாட்சி. வாசனைத் திரவியம் தூக்கலாக அடிக்கும் வண்டியில் ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை ஏற்றி ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

விபத்துக்குக் காந்தம். நல்ல தகரத்தில் ஒட்டும், தடிமனாகப் பட்டி பார்த்த இடத்தில் நிற்காது. பம்பர் பிளாஸ்டிக், அதில் சோதிக்க வேண்டாம். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் ஸ்பானர் பட்டிருக்கிறது. ஒரு கதவு கீறி டிங்கரிங் செய்தது பெரிய விஷயமில்லை. ரேடியேட்டர் தாங்கும் சட்டமோ சேஸ் நுனியோ நெளிந்து நிமிர்த்தியது பெரிய விஷயம்.

படி 7: குளிர்ந்த என்ஜின்

“காலையில் வருகிறேன், ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது குற்றமில்லை, மூடிக்கு அடியிலும் டிப்ஸ்டிக்கிலும் பால்காப்பி நிறத்தில் பசை இருந்தால்தான் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப்படலம் மிதந்தால் சந்தேகமே வேண்டாம்.

சாவியை ஆன் செய்ததும் என்ஜின் விளக்கு, ஏர்பேக் விளக்கு, ஏ.பி.எஸ். விளக்கு எல்லாம் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ துண்டித்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்து ஒருவர் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். மழைக்காலக் காலையில் இரண்டு நிமிடம் வெள்ளை ஆவி வருவது இயல்பு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது: வால்வு சீல் அல்லது ரிங். விடாத வெள்ளைப்புகை என்றால் கூலன்ட்.

மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரி முனையில் வையுங்கள்: நிற்கும்போது 12.6 வோல்ட் சுற்றி, ஓடும்போது 13.8 முதல் 14.5.

ஏ.சி.யை முழுதாக வைத்து வெயிலில் நிறுத்தியே பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது குளிராவிட்டால் ஃபேனோ கண்டென்சரோ கோளாறு. “கேஸ் மட்டும் போட்டால் போதும்” என்பார்கள். கேஸ் தானாகக் குறையாது, எங்கோ ஒழுகுகிறது.

படி 8: ஓட்டிப் பார்ப்பது

கடையைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. அரைமணி நேரமாவது வேண்டும்: கொஞ்சம் நெரிசல், கொஞ்சம் நாலுவழிச்சாலை, கட்டாயம் ஒரு ஏற்றம். வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். சொகுசைப் பற்றி அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. சமதளத்தில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கிறதா என்று. இந்தச் சோதனையை ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் வைக்காதீர்கள். அங்கே கணவாய்க் காற்றே வண்டியைத் தள்ளும். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள். ‘டக் டக்’ என்றால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு. பிரேக் அழுத்தும்போது மிதி அதிர்ந்தால் டிஸ்க். லேசான சரிவில் ஹேண்ட்பிரேக்கை விட்டால் வண்டி தானே உருள வேண்டும்.

டயர் ஓரத்தில் நாலு எண்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரை மாற்றும் கணக்கில் வையுங்கள்.

படி 9: மெக்கானிக், பிறகு விலை

எல்லாம் பிடித்த பிறகுதான் மெக்கானிக். புரோக்கர் சொல்லும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமல், அந்த மாடலை அன்றாடம் பார்க்கிற ஒருவரிடம் கூலி கொடுத்து, லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் மாட்டும்போது பழுதுக் குறியீடு (எரர் கோட்) இல்லை என்றால் மட்டும் போதாது. வண்டியின் கணினி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினெஸ் மானிட்டர் எல்லாமே முடியாமல் இருந்தால், அந்தக் குறியீட்டைச் சற்று முன்புதான் அழித்திருக்கலாம்.

பேரத்தில் “கொஞ்சம் குறையுங்கள்” எடுபடாது. டயர் 15,000, பேட்டரி 4,500 என்று கண்ட குறைகளைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

படி 10: பெயர் மாற்றம்

ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம் வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வரும் முன் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பணத்தை வங்கி வழியாக, ஆர்.சி.யில் பெயருள்ளவர் கணக்குக்கே அனுப்புங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்று காலை நடந்த விபத்து மாலையில் வாங்கியவர் தலையில் விழக் கூடாது. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் வாங்காத வருஷங்களுக்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. அவருடைய ஃபாஸ்டேகையும் மூடச் சொல்லுங்கள், இல்லையென்றால் நாங்குநேரி டோலில் அவர் கணக்கில் பணம் போகும், போன் உங்களுக்கு வரும்.

படி 11: முதல் வாரம்

என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். முன்னவர் எப்போது மாற்றினார் என்ற யோசனையே வேண்டாம்.

கடப்புறத்தில் வீடு என்றால் மாதம் இரண்டு தடவையாவது நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவ வேண்டும். துருத்தடுப்புக் கோட்டிங் அடிப்பதாக இருந்தால், கழுவி, இருக்கும் துருவைச் சுரண்டி, முழுக்கக் காய்ந்த பிறகு அடியுங்கள். துருவின் மேலேயே அடித்தால் உள்ளே தின்றுகொண்டே இருக்கும். கதவுக்கு அடியிலும் படிப்பெட்டிக்கு அடியிலும் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் உண்டு. அவசரத்தில் அவற்றையும் சேர்த்துப் பூசி அடைத்துவிடுவார்கள், அடித்து முடிந்ததும் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.