புது நோட் போட்டும் பழையதே ஓடுகிறதா? பதிப்புச் சிக்கலை அவிழ்க்கும் வழி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட அறை எடுத்துப் படிக்கிற ஒரு தங்கச்சி, போன மாதம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான்கு பேர் சேர்ந்து செய்யும் செயற்றிட்டம், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டுகிற நோட் என்ற மென்பொருளின் மேல் ஓடுவது. மற்ற மூன்று பேரின் கணினியிலும் ஓடுகிற அதே கோட், அவளுடையதில் மட்டும் ஓடவில்லை.

“அண்ணா, நேற்று இரவே புது நோட் இறக்கிப் போட்டனான். இது இன்னும் பழசைத்தான் சொல்லுது” என்றாள்.

அதற்குள், இறக்கிய பொதிகள் (மற்றவர்கள் எழுதி வைத்த ஆயத்தக் கோட்) இருக்கிற நோட்-மாட்யூல்ஸ் கோப்புறையை நான்கு தரம் நீக்கி நான்கு தரம் திரும்ப இறக்கியிருந்தாள். ஒரு கிழமைக்கென்று போட்ட டேட்டா இரண்டு நாளில் முடிந்துவிட்டது. பிழை மட்டும் அப்படியே இருந்தது. எனக்குக் கவலையாகப் போய்விட்டது. இந்தச் சிக்கலில் எதையும் அழிக்க முன்னர் சில விஷயங்களைப் பார்த்தால் போதும், அதற்கு ஒரு எம்பி கூடச் செலவாகாது. அவளுக்குக் காட்டியதை வரிசைப்படி இங்கே எழுதுகிறேன். அவளுடையது உபுண்டு என்ற லினக்ஸ், விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். இடைவெளி, கோடு, புள்ளி எல்லாம் இங்கே இருக்கிறபடியே.

யார் யாரோடு முரண்படுகிறார்கள்?

மூன்று ஆட்கள் இருக்கிறார்கள். நோட் என்பது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற இயக்கச்சூழல். என்பிஎம் என்பது பொதிகளை இறக்கித் தருகிற ஆள். நோட்டோடு சேர்ந்தே வரும். மூன்றாவது நீங்கள் டெர்மினலில் கூப்பிடும் கருவி: இணையப் பக்கங்களைக் கட்டி ஓட்டிப் பார்க்க உதவும் வீட், ஆங்குலர் சிஎல்ஐ போன்றவை.

புதிதாகப் படிக்கிறவர்கள் அதிகம் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கருவியும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட ஒரு நிரல்தான். அது ஓட வேண்டியதும் உங்கள் கணினியில் இருக்கிற நோட்டுக்கு மேல்தான். கருவியை எழுதியவர்கள் நோட்டில் புதிதாக வந்த ஒரு வசதியைப் பயன்படுத்தியிருந்து, உங்கள் நோட்டில் அது இல்லாவிட்டால், கருவி தொடங்கும்போதே விழுந்துவிடும். உங்கள் கோட்டில் ஒரு எழுத்துக்கூடப் பிழையாக இருக்காது.

தங்கச்சியின் திரையில் இருந்த வரி இது:

கிரிப்டோ.ஹாஷ் இஸ் நாட் எ ஃபங்ஷன்

அவள் தன் கோட்டில் கிரிப்டோ என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள், பாவம். அந்தச் சொல் வீட்டுக்குள் இருக்கிறது. (வசிக்கிற வீடு இல்லை, வீட் என்ற கருவி.) கிரிப்டோ.ஹாஷ் என்ற வசதி நோட் 20 வரிசையில் 20.12இல்தான் வந்தது. அவளுடைய கணினியில் ஓடியது 18. செயற்றிட்டத்தில் இருந்தது வீட் 7.

படி 1: செய்தியை மேலிருந்து வாசியுங்கள்

பிழை வந்ததும் எல்லோருடைய கண்ணும் கடைசி வரிக்குத்தான் போகும். இந்த வகைச் சிக்கலில் பதில் பெரும்பாலும் மேலே இருக்கும். வீட் 7 விழுவதற்கு முன்பே, தனக்கு நோட் 20.19+ அல்லது 22.12+ வேண்டும், நீங்கள் வைத்திருப்பது இந்தப் பதிப்பு என்று தெளிவாக எழுதிவிடுகிறது. ஆங்குலர் சிஎல்ஐயும் அப்படித்தான் சொல்லும். என்பிஎம் ‘ஈபேட்எஞ்சின்’ என்ற சொல்லோடு ஓர் எச்சரிக்கை காட்டினால், இந்தப் பொதிக்கு வேறு நோட் வேண்டும் என்று பொருள். அது எச்சரிக்கை மட்டுமே என்பதால் இறக்கம் தொடர்ந்து நடக்கும். நாமும் கவனிக்காமல் கடந்துவிடுவோம்.

அந்த எண்களை வாசிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 20.19+ அல்லது 22.12+ என்றால் 20.19க்கு மேல் எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது. 20 வரிசையில் 20.19 தொடக்கம், பிறகு 22.12 தொடக்கம் மேலே எல்லாம். 21 சேராது. 22.5உம் சேராது. தங்கச்சியின் நண்பன் ஒருவன் 21ஐப் போடச் சொல்லியிருந்தான். அதைப் போட்டிருந்தாலும் கருவி கேட்ட பதிப்பாக இருந்திருக்காது. நோட்டில் இதுவரை இரட்டை எண் பதிப்புகள்தான் நீண்டகால ஆதரவுக்குப் போயிருக்கின்றன. 18, 20, 22, 24 அப்படிப்பட்டவை. ஆகவே 21 போன்ற ஒற்றை எண்ணை வேலைக்கு எடுக்காதீர்கள்.

படி 2: மூவரிடமும் எண்ணைக் கேளுங்கள்

செயற்றிட்டக் கோப்புறைக்குள் நின்றுகொண்டு:

நோட் -வி
என்பிஎம் -வி
என்பிஎக்ஸ் வீட் --வெர்ஷன்

ஆங்குலர் என்றால் கடைசி வரிக்குப் பதிலாக என்பிஎக்ஸ் என்ஜி வெர்ஷன். என்பிஎக்ஸ் (என்பிஎம்மோடு வரும், கருவிகளை ஓட்டுகிற கட்டளை) ஏன் என்றால், அது முதலில் செயற்றிட்டத்துக்குள் இருக்கிற கருவியைத் தேடும். கணினி முழுவதற்குமாக எப்போதோ போட்ட கருவி வேறு பதிப்பாக இருக்கலாம். நமக்கு வேண்டியது செயற்றிட்டத்தினுடையது. மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் கருவி கேட்ட எண்ணையும் எழுதுங்கள்.

படி 3: எந்த நோட் பதில் சொல்கிறது?

இதுதான் தங்கச்சியின் உண்மையான சிக்கல். புதியது போட்டாள், ஆனால் பழையது பதில் சொன்னது. அதற்கு இந்தக் கட்டளை:

விச் -ஏ நோட்

அவளுக்கு வந்த முதல் இரண்டு வரிகள்:

/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/நோட்
/யூஎஸ்ஆர்/பின்/நோட்

ஓர் ஒழுங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ‘நோட்’ என்று தட்டியதும், டெர்மினல் அந்த ஒழுங்கையின் முதல் படலையிலிருந்து ஒவ்வொரு வீடாகத் தட்டிக்கொண்டு போகிறது. அந்தப் பெயரில் முதலில் யார் எட்டிப் பார்க்கிறாரோ, அவரோடு வேலை முடிந்தது. அதே பெயரில் நான்கு வீடு தள்ளி இன்னொருவர் இருப்பது அதற்குத் தெரியாது. இந்த ஒழுங்கைக்குத்தான் பாத் என்று பெயர். உபுண்டுவில் வழமையாக யூஎஸ்ஆர்-லோக்கல்-பின் முன்னுக்கும் யூஎஸ்ஆர்-பின் பின்னுக்கும் இருக்கும்.

போன வருடம் ஏதோ ஒரு விளக்கத்தைப் பார்த்து 18ஐக் கையால் லோக்கலில் போட்டிருக்கிறாள். இப்போது வேறொரு விளக்கத்தைப் பார்த்துப் போட்ட 22 மற்ற வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டும் ஒழுங்காகத்தான் இருந்தன. முன்வீட்டுக்காரர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இதைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த நிம்மதி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு நாளாகத் தன்னில்தான் பிழை என்று நினைத்திருந்தாள்.

இன்னொரு சின்ன விஷயம். டெர்மினலுக்குள் கட்டளைகளை வாங்குகிற பாஷ், ஒருமுறை கண்டுபிடித்த இடத்தை நினைவில் வைத்திருக்கும். பழையதை நீக்கிய பிறகும் அதே இடத்தையே தட்டிக்கொண்டு நின்றால் ஹாஷ் -ஆர் என்று தட்டுங்கள், அல்லது டெர்மினலை மூடித் திறவுங்கள். விஎஸ் கோட் பாவிப்பவர்கள் அதனையும் முழுதாக மூடித் திறக்க வேண்டும்.

உபுண்டுவின் மென்பொருள் நிறுவியான ஆப்ட் வழியாக நோட் போடுபவர்களுக்கும் ஒரு சொல். 22.04 உபுண்டுவில் அப்படிக் கிடைப்பது நோட் 12.22.9. 24.04இல் 18.19.1. கணினி நிலையாக ஓடுவதற்காக அவர்கள் பழையதைப் பிடித்து வைக்கிறார்கள். இன்றைய கருவிகளுக்கு அது போதாது.

படி 4: என்விஎம் போடுங்கள்

இப்போது 18ஐத் தூக்கி எறிந்துவிட்டு 22 மட்டும் வைத்தால் சரிதானே? அவளுக்குச் சரிவராது. அவளிடம் ஆங்குலர் 15இல் செய்த பழைய செயற்றிட்டம் ஒன்றும் இருந்தது; அதற்கும் புள்ளி இருக்கிறது. ஆங்குலர் 15 ஏற்றுக்கொள்வது நோட் 14.20, 16.13, 18.10 வரிசைகளை. வீட் 7 கேட்பது 20.19க்குக் கீழே இறங்காது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு நோட் கிடையாது. ஆகவே இரண்டு நோட்டும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது என்விஎம்.

கிட்ஹப்பில் என்விஎம்-எஸ்எச் என்ற கணக்கின் என்விஎம் பக்கத்துக்குப் போங்கள். நிறுவுவது பற்றிய பகுதியில் கேர்ல் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள் என்விஎம்மின் பதிப்பெண் இருப்பதால், பழைய இடங்களிலிருந்து எடுக்காமல் அந்தப் பக்கத்திலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள். முன்னால் சூடோ (நிர்வாகி அதிகாரம் கேட்கும் சொல்) போடாதீர்கள், இது உங்கள் சொந்தக் கோப்புறைக்குள்தான் போகிறது. முடிந்ததும் டெர்மினலை மூடித் திறந்து:

என்விஎம் இன்ஸ்டால் 22
என்விஎம் இன்ஸ்டால் 18
என்விஎம் அலியாஸ் டிஃபால்ட் 22

மூன்றாவது வரி, புதிதாகத் திறக்கும் எந்த டெர்மினலிலும் 22 வரவேண்டும் என்று சொல்கிறது. நடுவில் மாற்ற வேண்டுமானால் என்விஎம் யூஸ் 18. அந்த மாற்றம் அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டும்தான்.

இப்போது விச் -ஏ நோட் தட்டிப் பார்த்தால், உங்கள் சொந்தக் கோப்புறைக்குள் இருக்கிற .என்விஎம் பாதை முதலாவதாக வரும். ஒழுங்கையின் முதல் படலை அதனுடையதாகிவிட்டது. பழைய இரண்டையும் உடனே நீக்க வேண்டிய அவசியம் இல்லை.

நிறுவும்போது ப்ரிஃபிக்ஸ் என்ற சொல்லோடு ஒரு முறைப்பாடு வந்தால், முன்பு எப்போதோ என்பிஎம்மின் அமைப்புக் கோப்பான .என்பிஎம்ஆர்சியில் அந்த அமைப்பை எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

படி 5: எண்ணைச் செயற்றிட்டத்துக்குள்ளேயே எழுதி வையுங்கள்

செயற்றிட்டக் கோப்புறையில் .என்விஎம்ஆர்சி என்ற பெயரில் ஒரு கோப்பு. அதற்குள் 22 என்ற எண் மட்டும். பிறகு அந்தக் கோப்புறைக்குள் வந்து என்விஎம் யூஸ் என்று மட்டும் தட்டினால் போதும், அதுவே வாசித்துக்கொள்ளும். பழைய ஆங்குலர் கோப்புறையில் 18 என்று எழுதுங்கள்.

இந்தக் கோப்பை கிட்டில் (குழுவோடு கோட்டைப் பகிரும் கருவி) சேர்த்து அனுப்புங்கள். நான்கு பேர் சேர்ந்து செய்யும்போது இதுதான் பெரிய உதவி. செயற்றிட்டத்தின் பொதிப் பட்டியல் இருக்கிற பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் எஞ்சின்ஸ் என்ற பகுதியிலும் நோட் பதிப்பை எழுதி, .என்பிஎம்ஆர்சியில் எஞ்சின்-ஸ்ட்ரிக்ட்=ட்ரூ என்று போட்டால், பொருந்தாத நோட்டோடு வருகிறவரை என்பிஎம் வாசலிலேயே நிறுத்திவிடும். எச்சரிக்கையைக் கவனிக்காமல் கடந்துபோக வழியே இருக்காது.

படி 6: டேட்டாவை வீணாக்காமல் பொதிகளைத் திரும்பப் போடுங்கள்

நோட் மாறினால் சில பொதிகள் முறையிடும். பெட்டர்-எஸ்கியூலைட்3 போன்றவை சி++இல் எழுதி, குறிப்பிட்ட ஒரு நோட்டுக்கென்று தொகுக்கப்பட்டவை. நோட்-மாட்யூல்-வெர்ஷன் 108 என்றும் 127 என்றும் இரண்டு எண்கள் பிழையில் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 108 என்றால் நோட் 18. 115 என்றால் 20. 127 என்றால் 22. பொதி ஒன்றுக்காகச் செய்யப்பட்டது, ஓட்டுவது இன்னொன்று. முதலில் என்பிஎம் ரீபில்ட் தட்டிப் பாருங்கள். அதில் சரிவராவிட்டால் மட்டும் இது:

என்பிஎம் சிஐ --ப்ரிஃபர்-ஆஃப்லைன்

இது நோட்-மாட்யூல்ஸை நீக்கிவிட்டு, பூட்டுக்கோப்பில் (பொதிகளின் சரியான பதிப்புகளைக் குறித்து வைக்கும் பேக்கேஜ்-லாக்.ஜேசன்) உள்ள அதே பதிப்புகளைத் திரும்பப் போடும். கடைசியில் சேர்த்த சொல் முக்கியமானது: ஏற்கெனவே இறக்கியவை உங்கள் கணினியின் கேஷில் (இறக்கியவற்றின் நகல் சேமிப்பு) இருந்தால், அங்கிருந்தே எடுக்கும். பல இடங்களில் எடுத்த எடுப்பில் கேஷைத் துப்புரவாக்கச் சொல்வார்கள். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த யோசனையை நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பதிப்புப் பொருந்தாததற்கும் கேஷுக்கும் தொடர்பு இல்லை.

நோட்டை மாற்றிய பிறகு ‘என்ஜி’ என்ற கட்டளையே காணவில்லை என்று வந்தால், அதுவும் இயல்புதான். கணினி முழுவதற்குமாகப் போடும் கருவிகளை என்விஎம் ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனியாக வைக்கிறது. திரும்பப் போடத் தேவையில்லை. என்பிஎக்ஸ் என்ஜி என்று கூப்பிட்டால் செயற்றிட்டத்துக்குள் இருக்கிற சிஎல்ஐ ஓடும்.

விண்டோஸ்காரர்களுக்கு

உங்களுக்கு என்விஎம்-விண்டோஸ் என்று வேறொன்று இருக்கிறது. பெயர் ஒன்றானாலும் தனிச் செயற்றிட்டம். அதைப் போட முன்னர் ஏற்கெனவே இருக்கிற நோட்டை நீக்கிவிடுங்கள். விச் -ஏ என்பதற்குப் பதில் கமாண்ட் ப்ராம்ட்டில் வேர் நோட். அங்கே என்விஎம் யூஸ் 22 என்று எண்ணோடு தட்டினால், திறந்திருக்கிற எல்லா டெர்மினல்களுக்கும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

தங்கச்சியின் கணினியில் 22க்கு மாறி, என்பிஎம் ரன் டெவ் தட்டியதும் 5173 என்ற போர்ட்டில் பக்கம் திறந்தது. அம்மா ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறியிருந்தது. அதையும் மறந்து மற்றக் கோப்புறைக்குப் போய் என்விஎம் யூஸ் தட்டி ஆங்குலரையும் ஓடவிட்டுப் பார்த்தாள். இரண்டும் ஓடின.

அந்தப் பழைய ஆங்குலர் செயற்றிட்டம் பற்றி அவளிடம் ஒன்று சொல்லி அனுப்பினேன். நோட் 18க்கான ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. உன் கணினியில் ஓட்டிக் காட்டுவதற்கு அது போதும். இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைப்பதாக இருந்தால், முதலில் ஆங்குலரை 15இலிருந்து 16, பிறகு 17 என்று ஒவ்வொரு படியாக உயர்த்து. 17 நோட் 20ஐ ஏற்கும். அதற்கு மேல் 18க்குப் போனால் 22உம் சரிவரும், இந்தச் செயற்றிட்டத்துக்குப் போட்ட அதே நோட்.