4ஜி ரவுட்டரைக் கழற்றிப் பூட்டுவது எப்படி?

கச்சான் காற்றுக் காலத்தில் செம்மண் தூசி, மாரி தொடங்கியதும் எறும்பு, ஐப்பசியில் இடி மின்னல். வன்னி வீடுகளில் சுவரில் தொங்குகிற 4ஜி ரவுட்டருக்கு வரும் வருத்தங்கள் அநேகமாக இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். ஆனால் "ரவுட்டர் செத்துப்போச்சு" என்றதும் ஸ்குரூ டிரைவரைத் தூக்க வேண்டாம். முதலில் பிடிக்க வேண்டியது அடப்டரை.

திறக்க முன்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபலைப் பாருங்கள். 12 வோல்ற், 1 அம்பியர் என்று இருக்கும் என வைத்துக்கொள்வோம். மல்ரிமீற்றரை டிசி 20இல் வைத்து, சிவப்பு முனையை அடப்டர் பின்னின் உள்ளேயும் கறுப்பை வெளி வளையத்திலும் பிடித்தால் 12 காட்டும். காட்டினாலும் நம்பக்கூடாது. சுமை இல்லாமல் நிற்கும்போது பழுதான அடப்டரும் 12 காட்டக்கூடும்.

அதற்குச் சுமை கொடுங்கள். மோட்டார் சைக்கிள் பாட்ஸ் கடையில் 12 வோல்ற் 10 வாட் சிக்னல் பல்ப் ஒன்று வாங்குங்கள். சிசிரிவி கமரா பூட்டுகிறவர்கள் பாவிக்கும், ஸ்குரூ வைத்த டிசி சொக்கற்றில் இரண்டு வயரால் அதை இணைத்து அடப்டரில் செருகுங்கள். இந்தப் பல்ப் 0.8 அம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். 1 அம்பியர் அடப்டருக்கு அது சரியான சோதனை. (அரை அம்பியர் அடப்டர் என்றால் 5 வாட் பல்ப் போதும்.) பல்ப் எரியும்போது மறுபடி அளந்து பாருங்கள். 11.5க்கு மேல் நின்றால் அடப்டர் நல்லது. 10க்கு இறங்கினாலோ, பல்ப் விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தாலோ அடப்டர்தான் பழுது. போட்ட உடனே ஒரு தரம் மின்னிவிட்டுப் பிறகு ஒழுங்காக எரிந்தால் அதைக் கணக்கெடுக்க வேண்டாம்.

புதிய அடப்டரில் வோல்ற் அதேயாக இருக்க வேண்டும். அம்பியர் கூடலாம், குறையக்கூடாது. பின்னின் நடுப்பகுதி நேரா மறையா என்று காட்டும் சின்னமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய அடப்டரை உடைத்துப் பார்க்கவே வேண்டாம்: அதன் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ற் வரை தேங்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் நிற்கும்.

அடப்டர் நல்லது, ஆனாலும் ரவுட்டர் சூடாகி நின்று நின்று வேலை செய்கிறது, அல்லது உள்ளே எறும்பு ஓடுகிறது என்றால்தான் திறக்கிற வேலை. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றாலோ கம்பனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ரவுட்டர் என்றாலோ சீலை உடைக்காதீர்கள். ரவுட்டர் உயிரோடு இருந்தால், அதன் அமைப்புப் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. (கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் பலம்) என்ற எண்ணைப் பார்த்து ஒரு துண்டில் எழுதி வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

கழற்றுதல்

சிறிய நட்சத்திரத் தலை ஸ்குரூ டிரைவர், காலாவதியான வங்கி அட்டை, மென்மையான பெயின்ற் பிரஷ், பழைய பல் பிரஷ், 99 வீத ஐசோபுரோபைல் அற்ககோல் 50 மில்லிலீற்றர். இவ்வளவும் போதும். சாதாரண ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம், சிலதில் எண்ணெயும் உண்டு. தின்னர் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும்.

பிளக்கைக் கழற்றி, சிம்மை வெளியே எடுங்கள். சிம் உள்ளே இருக்க போட்டை (உள்ளே இருக்கும் சர்க்கிற் பலகையை) இழுத்தால் சிம் சொக்கற்றின் ஊசிகள் வளைந்துவிடும். ஸ்குரூக்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இறப்பர் கால்களுக்கு அடியில் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் லேபலின் மேல் விரலால் தடவுங்கள். பள்ளமாக அமுங்குகிற இடத்தில் ஸ்குரூ இருக்கும்.

பிறகு மூடிக்கும் உடலுக்கும் இடையில் அட்டையின் முனையைச் செருகி மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு கிளிப்பும் "டிக்" என்று விடும். விடாத இடத்தில் இன்னொரு ஸ்குரூ ஒளிந்திருக்கலாம், நெம்ப வேண்டாம். மூடியைப் புத்தகம் போல ஒரு பக்கமாகவே திறவுங்கள். சில மொடல்களில் அன்ரெனா மூடியில் ஒட்டியிருக்கும், வெடுக்கென்று இழுத்தால் நூல் போன்ற வயர் அறுந்துவிடும். எந்த வயர் எங்கே போகிறது என்று போனில் படம் எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். தொட முன்னர் யன்னல் கம்பியை ஒரு தரம் பிடித்துவிடுங்கள், உடம்பில் தேங்கிய மின் இறங்கட்டும்.

துப்புரவு

காய்ந்த தூசிக்குக் காய்ந்த பிரஷ்தான். வாயால் ஊதினால் எச்சில் படும். ரயர் கடைக் கொம்பிரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும்.

எறும்பு வேறு கதை. சூடும் இருட்டும் உள்ள இடம் என்று முட்டையோடு குடியிருக்கும். கவிழ்த்துத் தட்டி, மிச்சத்தைப் பிரஷால் தள்ளி, பிறகு பல் பிரஷை அற்ககோலில் தோய்த்து அந்த இடத்தை உரசுங்கள். பூச்சி மருந்து அடித்தால் அதன் பசை போட்டில் தங்கி, தூசியை இன்னும் பிடிக்கும். பல்லி செத்துக் கிடந்தால் அதன் கீழே கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு துடைத்தும் போகாவிட்டால் அது எரிந்த தடம், தெரிந்தவரிடம் கொடுங்கள். முல்லைத்தீவு, கொக்கிளாய் போன்ற கரையோரங்களில் பொருத்துகளில் பச்சை பூத்திருக்கும். அதையும் அற்ககோலில் தோய்த்த பல் பிரஷால் உரசிப் பாருங்கள்.

சிப்புகளை மூடியிருக்கும் தகட்டு மூடிகளை நெம்பாதீர்கள். சிப்பின் மேலுள்ள மெத்தென்ற சூட்டுப் பட்டை கிழிந்தால் அதே தடிப்பில் மாற்ற வேண்டும்: மெல்லியதாக இருந்தால் தகட்டைத் தொடாது, தடித்தால் போட் வளையும். பவர் சொக்கற்றுக்குப் பக்கத்தில் உருளைக் கப்பாசிட்டர் இருந்து, அதன் தலை பொங்கியிருந்தால் அதே மைக்ரோபரட், அதே அல்லது கூடிய வோல்ற், 105 பாகை என்று பார்த்து மாற்ற வேண்டும். ஈயப்பற்று பழகாதவர் இதைச் செய்யவேண்டாம்.

மின்விசிறிக்குக் கீழே அரை மணித்தியாலம் காய விடுங்கள்.

பூட்டுதல்

அன்ரெனாவின் குட்டிப் பொருத்தியைக் கழற்றியிருந்தால், நேர் மேலே வைத்து நகத்தால் அமுக்குங்கள். சரிவாக அமுக்கினால் வளையம் விரியும். இவை ஏறக்குறைய 30 தடவை கழற்றிப் பூட்டுவதற்கே செய்யப்பட்டவை, விளையாட்டுக்குக் கழற்றாதீர்கள்.

மூடிய பின், சுவரில் தொங்கவிடப் பாவிக்காத பின்புற ஆணித் துளைகளை ரேப்பால் ஒட்டி, காற்றுத் துவாரங்களுக்கு ஒற்றை மடிப்பு நுளம்பு வலை கட்டுங்கள். இரண்டு மடிப்பு போட்டால் சூடு வெளியேறாது.

சிம்மைப் போட்டு ஏற்றி, ரவுட்டரை முன்பிருந்த அதே இடத்தில் வைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஆர்.எஸ்.ஆர்.பி. எண்ணைப் பாருங்கள். இது மறை எண், 0க்குக் கிட்ட வர வர நல்லது. முன்பு -98 என்றிருந்து இப்போது -101 என்றால் அது வழமையான ஏற்ற இறக்கம். -118க்குப் போயிருந்தால் அன்ரெனா வயர் ஒன்று சரியாக இருக்கவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, படத்தைப் பார்த்து மறுபடி திறவுங்கள்.