பிறஷர் குளிசை எடுப்பவர்கள் எழும்பி நின்றும் அளக்க வேண்டும்

"குளிசை போட்டால் தலை சுத்துது" என்று பிறஷர் மருந்தைப் பாதியில் விடுபவர்கள் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. தலைச்சுற்று பொய்யல்ல. ஆனால் மருந்தை விடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஓர் அளவீடு.

இரத்த அழுத்தம், அதாவது பிறஷர், ஏறினால் மூளையின் சிறுநாடிகள் (சின்ன இரத்தக் குழாய்கள்) சுருங்கும், இறங்கினால் விரியும். அதனால் இரத்த ஓட்டம் பெரிதாக மாறாது. பல வருடமாகப் பிறஷர் கூடியிருந்தவருக்கு நாடிச்சுவர் தடித்து, உயர்ந்த அழுத்தத்துக்கே பழகிவிடும். 180/100 இல் இருந்தவரை ஒரே நாளில் 120/80 க்கு இறக்கினால் மூளைக்கு இரத்தம் போதாமல் போகலாம். நிபெடிபின் என்ற பிறஷர் மருந்தை நாக்கின் கீழ் வைத்து மளமளவென்று இறக்கும் பழைய வழக்கம் கைவிடப்பட்டது இதனால்தான். கிழமைக் கணக்கில் மெல்ல இறக்கினால் நாடிகளும் புது அளவுக்குப் பழகும். அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் என்ற பிறஷர் ஆய்வில் மேல் எண்ணை 120 க்குக் கீழே கொண்டுவர மருந்து கொடுக்கப்பட்டவர்களின் மூளை இரத்த ஓட்டம் குறையவில்லை, சற்றுக் கூடியது.

இனி அளக்கும் முறை. தேத்தண்ணி, வெற்றிலை, சுருட்டு எல்லாம் அரை மணித்தியாலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். கதிரையில் முதுகு சாய்த்து, பாதம் நிலத்தில் பதிய 5 நிமிடம் பேசாமல் இருங்கள். மேற்கையில் சுற்றும் பட்டி நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி போட்டால் இல்லாத பிறஷரைக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம், காலையில் குளிசைக்கு முன்னும் மாலையிலும், 7 நாள் எழுதுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் பிறஷர் கூடியிருக்கிறது.

தலை சுற்றுபவருக்கு இது போதாது. 5 நிமிடம் படுத்திருக்க வைத்து அளந்து, எழும்பி நின்ற 1 ஆம் நிமிடத்திலும் 3 ஆம் நிமிடத்திலும் மறுபடி அளக்க வேண்டும். நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் எண் கூடக் காட்டி, இறக்கத்தை மறைத்துவிடும். பக்கத்தில் நிற்பவர் கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கிப் பிடிக்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதைக் கிளினிக் கொப்பியில் குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள். அளவையோ நேரத்தையோ அவர் மாற்றுவார். பிறஷருக்குப் பிராசோசின் எடுப்பவர்களும், புரொஸ்டேட்டுக்கு டம்சுலோசின் எடுப்பவர்களும் அந்தக் குளிசை எடுப்பதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். முதல் குளிசையிலேயே விழுந்தவர்கள் உண்டு.

நல்லூர்த் திருவிழாக் காலம் தனிக்கதை. வெயில், விரதம், தண்ணீர் குறைவு, அதோடு சிறுநீர் போக்கும் குளிசை: பிரதட்டை (நிலத்தில் உருண்டு வலம்வருதல்) செய்து சட்டென்று எழும்பும் இடத்தில் கண் இருளும். விரதத்துக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு வையுங்கள். எழும்பும்போது முதலில் உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகு நில்லுங்கள்.

வாய் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம்; வீட்டில் மேலதிகக் குளிசை கொடுக்க வேண்டாம். நாடி அடைபட்ட மூளைக்கு அந்த நேரம் சற்று உயர்ந்த அழுத்தம் தேவைப்படலாம். அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். வைத்தியசாலையில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.